முன்னால் பிரேக், பின்னால் பஸ்: கோவை மாணவர் வழக்கில் தவறு பங்கு பிரிக்கப்பட்ட விதம்

2017 ஜனவரி 7. கோவைப் பகுதி நெடுஞ்சாலையில் ஒரு கார், அதன் பின்னால் பொறியியல் மாணவர் ஒருவர் ஓட்டி வந்த பைக், அதற்கும் பின்னால் ஒரு பஸ். கார் சாலையிலேயே திடீரென நின்றது. பைக் அதன் பின்பக்கத்தில் மோதியது. கீழே விழுந்த மாணவர்மீது பின்னால் வந்த பஸ் ஏறியது. அவருடைய இடது கால் துண்டிக்கப்பட்டது. வயது 20.

இந்த மூன்று வண்டிகளில் யார்மீது தவறு என்று பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர், "பின்னால் போய் இடித்தவன்மேல்தான்" என்பார்கள். காவல் நிலையத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் அதே பதில்தான் முதலில் கிடைக்கும். அடிபட்டவரின் வீட்டாரே பல நேரம் அதை ஒப்புக்கொண்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எவ்வளவு பாதி உண்மை என்பதற்கும், அந்தப் பாதிக்கு ரூபாயில் என்ன விலை என்பதற்கும் இந்த வழக்கைவிடத் தெளிவான கணக்கு கிடைப்பது அரிது. தீர்ப்பாயம், சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என மூன்று படிகளிலும் ஒரே சம்பவம் மூன்று விதமாகப் பங்கு பிரிக்கப்பட்டது. கடைசித் தீர்ப்பு 2025 ஜூலை 29 அன்று வந்தது. விபத்து நடந்து எட்டரை ஆண்டுகள்.

கார் ஓட்டியவர் சொன்ன காரணம்

கார் ஓட்டியவர் பிரேக் போட்டதை மறுக்கவில்லை. கர்ப்பிணியாக இருந்த தம் மனைவிக்கு வாந்தி வருவதுபோல இருந்ததால் நிறுத்தினேன் என்றார். மனிதாபிமானத்தோடு கேட்டால் யாருக்கும் புரிகிற காரணம்தான். நிறுத்த வேண்டிய தேவை இருந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நெடுஞ்சாலையில் சைகை காட்டாமல், ஓரம் கட்டாமல் நிறுத்தலாமா என்பது வேறு கேள்வி.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார்மீது தவறு காணவில்லை. காரை முழுவதுமாக விடுவித்துவிட்டது. மாணவர் பங்கு 20 சதவீதம், பஸ் ஓட்டுநர் பங்கு 80 சதவீதம். மொத்த இழப்பீடு 91,62,066 ரூபாய். அதில் மாணவரின் பங்கைக் கழித்து 73,29,653 ரூபாய் தர உத்தரவு.

உயர் நீதிமன்றம் காரை மறுபடியும் வழக்குக்குள் இழுத்தது. கார் 40, பஸ் 30, மாணவர் 30. கார்மீது பழி வந்ததால் மாணவருக்கு நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. மாணவரின் பங்கு 20-லிருந்து 30 ஆனது, மொத்தத் தொகையும் குறைக்கப்பட்டது. கையில் வரவேண்டியது 58,53,447 ரூபாயாகச் சுருங்கியது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சுதான்ஷு தூலியா, அரவிந்த் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு இரண்டையும் மாற்றியது. மாணவர் முன்னால் போன வண்டியிலிருந்து போதிய இடைவெளி விடவில்லை, செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் அவரிடம் இல்லை. ஆகவே அவர்மீதும் தவறு உண்டு என்பதை அமர்வு ஏற்றது. ஆனால் விபத்தின் மூலகாரணம் காரின் திடீர் பிரேக். நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாக வரும் என்பது எதிர்பார்க்கக்கூடியது. அங்கே நிறுத்த நினைக்கிறவர் பின்னால் வருவோருக்கு எச்சரிக்கையோ சைகையோ தர வேண்டிய பொறுப்பு உடையவர் என்றது தீர்ப்பு. மனைவியின் உடல்நிலை பற்றிய விளக்கம் எந்தக் கோணத்திலும் நியாயமாகாது என்றும் சொன்னது. புதிய பங்கு: கார் 50, பஸ் 30, மாணவர் 20. மொத்தம் 1,14,24,066 ரூபாய். இருபது சதவீதம் போக 91,39,253 ரூபாய், ஆண்டுக்கு 7.5 சதவீத வட்டியுடன்.

இந்தத் தொகையில் ஒரு சதவீதம் என்பது 1,14,240 ரூபாய். உயர் நீதிமன்றம் மாணவர்மேல் ஏற்றிய கூடுதல் 10 சதவீதத்தின் விலை மட்டும் ஏறக்குறைய பதினொன்றரை லட்சம். விபத்து வழக்கில் 'யார்மேல் தவறு' என்பதைவிட 'யார்மேல் எவ்வளவு' என்பதற்குத்தான் உண்மையான சண்டை.

இரண்டு விதிகள், ஒன்றை மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்

விபத்து நடந்தபோது நடைமுறையில் இருந்தவை 1989-ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறை விதிகள். 23-ஆவது விதி, முன்வண்டி திடீரென வேகம் குறைத்தாலோ நின்றாலோ மோதாத அளவுக்குப் பின்வண்டி இடைவெளி விட வேண்டும் என்கிறது. அடுத்த விதியே, 24, பாதுகாப்புக் காரணம் இருந்தாலொழிய எந்த ஓட்டுநரும் சட்டென்று பிரேக் போடக் கூடாது என்கிறது. 2017 ஜூனில் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டும் ஒழுங்குமுறைகள் வந்தன. இடைவெளிக் கடமை அவற்றிலும் தொடர்கிறது.

விதி எழுதியவர்கள் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார்கள். நாமோ முதலாவதை மட்டும் பழமொழிபோலப் பிடித்துக்கொண்டோம். கார் நின்றது விதி மீறல், பைக் ஒட்டி வந்தது விதி மீறல். ஒரு மீறல் மற்றொன்றை அழித்துவிடாது.

'போதிய இடைவெளி' எத்தனை அடி என்று விதியில் எழுதப்படவில்லை. அதற்கு 2018 ஏப்ரல் 27 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. முன்னால் போன லாரியின் பின்னால் 10 முதல் 15 அடி இடைவெளியில் வந்த மாருதி கார், லாரியின் பின்புறம் மோதியது. லாரி திடீரென பிரேக் போட்டது என்பதுதான் கார் தரப்பின் குற்றச்சாட்டு. நீதிமன்றம் 23-ஆவது விதியை எடுத்துக்காட்டி, சாலையும் வானிலையும் நன்றாக இருக்கும்போதுகூட இரண்டு முதல் மூன்று விநாடி இடைவெளியாவது வேண்டும் என்றது. லாரிமீது கவனக்குறைவு நிரூபணமாகவில்லை. தவறு கார் ஓட்டியவர்மீதே நின்றது.

விநாடிக் கணக்கைச் சாலையில் வைத்துப் பார்த்தால் அந்த 10–15 அடி எவ்வளவு அற்பம் என்று விளங்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்குப் பதினாறரை மீட்டருக்கு மேல் ஓடுகிறது. பதினைந்து அடியைக் கடக்கக் கால் விநாடிதான். முன்வண்டியின் சிவப்பு விளக்கு எரிவதைக் கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகவே சாதாரண ஓட்டுநருக்கு ஒரு விநாடியோ அதற்கு மேலோ ஆகும். அதாவது ஓட்டுநர் பிரேக்கைத் தொடும் முன்பே மோதல் நடந்து முடிந்துவிடலாம். இரண்டு, மூன்று விநாடி என்பது 60 வேகத்தில் 33 முதல் 50 மீட்டர். 80 வேகத்தில் 44 முதல் 67 மீட்டர். நம் நான்குவழிச் சாலையில் அவ்வளவு இடம் விட்டால் நடுவில் இன்னொரு வண்டி புகுந்துவிடும் என்பது எல்லாரும் சொல்லும் சமாதானம். சொல்வது உண்மைதான். ஆனால் தீர்ப்பாயத்தில் அது எடுபடாது. புகுந்த வண்டிக்கும் சேர்த்து இடைவெளி விட்டிருக்க வேண்டும் என்பார்கள்.

இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையில் வேறுபாடு சாட்சியத்தில் இருக்கிறது. கோவை வழக்கில் கார் ஓட்டியவரே தாம் சட்டென்று நிறுத்தியதை ஒப்புக்கொண்டார். லாரி வழக்கில் அதே குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. எதிர்த்தரப்பு வாயாலேயே உண்மை வரும் என்று எல்லா வழக்கிலும் காத்திருக்க முடியாது. மற்றவர்கள் அதைத் தேடிச் சேகரிக்க வேண்டும்.

முன்வண்டி பிரேக் போட்டதை எப்படிக் காட்டுவது

முதல் ஆபத்து மருத்துவமனையிலேயே தொடங்குகிறது. அவசரப் பிரிவில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்கள். தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் அதன் நகலை 'ஏ.ஆர். காப்பி' என்று குறிப்பிடுவது வழக்கம். கூட வந்தவர் பதற்றத்தில் "பைக்கிலிருந்து விழுந்துட்டான்" என்று சொல்லிவிட்டால் அது 'தானாக விழுந்தது' என்று பதிவாகிவிடும். மூன்று ஆண்டு கழித்து இன்ஷூரன்ஸ் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் நீட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். எந்த வண்டி எந்த வண்டியில் மோதியது, அதற்குப் பிறகு என்ன ஏறியது என்று ஒருவர் நிதானமாகச் சொல்லிப் பதியச் செய்தால் பிறகு பெரும் போராட்டம் தவிரும்.

அடுத்து காவல்துறையின் பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பதிவு), மாதிரி வரைபடம். வண்டிகள் எந்தத் தடத்தில் நின்றன, டயர் தேய்ந்த கோடுகள் எங்கே தொடங்கின, கண்ணாடித் துண்டுகள் எங்கே சிதறின என்பதெல்லாம் அதில் இருந்தால் பொன். பல வரைபடங்களில் இரண்டு கட்டங்களும் ஒரு பெருக்கல் குறியும்தான் இருக்கும். ஆகவே வண்டிகளை நகர்த்தும் முன் கைப்பேசியில் எடுத்த படங்களுக்கு மதிப்பு அதிகம்.

வண்டிகளே சாட்சி சொல்லும். பின்வண்டி பலமாகப் பிரேக் போட்டிருந்தால் அதன் முன்பக்கம் குனியும்; அப்போது முன்வண்டியின் பின்பம்பரில் வழக்கத்தைவிடக் கீழே அடி விழுந்திருக்கும். பிரேக்கே போடாமல் மோதியிருந்தால் இரண்டு பம்பர்களும் நேர்மட்டத்தில் நசுங்கியிருக்கும். முன்வண்டியில் பழைய வகை இழைபல்பு இருந்தால் இன்னொரு தடயமும் உண்டு. மோதும் கணத்தில் பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை நீண்டு வளைந்துவிடும். அணைந்திருந்தால் சட்டென்று ஒடியும். எல்.இ.டி. விளக்குக்கு இந்தச் சோதனை செல்லாது. மோட்டார் வாகன ஆய்வாளர் தம் அறிக்கையில் பிரேக் விளக்கு வேலை செய்ததா என்று எழுதியிருக்கிறாரா என்பதைப் பார்த்துக்கொள்ளாமல் விடக் கூடாது. முன்வண்டியின் விளக்கே எரியாதது என்றால் சதவீதக் கணக்கு மாறும்.

சுங்கச்சாவடி, பெட்ரோல் பங்க், கடை வாசல் கேமராக்களின் பதிவுகள் சில நாள்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். எழுத்து மூலம் கேட்டுப் பத்திரப்படுத்த வேண்டும். அவற்றை நீதிமன்றத்தில் ஏற்க பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவை.

நிரூபண அளவு பற்றித் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். தீர்ப்பாயத்தில் குற்றவழக்குபோல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். முதல் தகவல் அறிக்கையில் அடிபட்டவரின் பெயரே குற்றவாளி இடத்தில் இருந்தாலும் இழப்பீட்டு மனு அதோடு முடிந்துவிடாது.

யார்மீதெல்லாம் வழக்குப் போடுவது

எல்லார்மீதும். கோவை வழக்கின் பெரிய பாடம் இதுதான் என்பது என் கருத்து. பஸ்மீது மட்டும் மனு போட்டிருந்தால் காரின் 50 சதவீதப் பங்கு பற்றிப் பேசவே இடம் இருந்திருக்காது. எந்த வண்டிமீது தவறு இல்லை என்று தோன்றுகிறதோ அதன் உரிமையாளரையும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தையும்கூட எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பது நல்லது. பின்னர் விடுவிப்பது நீதிமன்றத்தின் வேலை.

இங்கே இரண்டு வகைத் தவறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடிபட்டவரே தவறில் பங்கு வகித்தால் அவருடைய சதவீதம் இழப்பீட்டில் கழியும். மாணவருக்கு நடந்தது அதுதான். ஆனால் காரின் பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கோ பைக்கின் பின்னால் உட்கார்ந்தவருக்கோ ஓட்டியதில் பங்கே இல்லை. அவருக்கு எதிரே இருப்பது பல வண்டிகளின் கூட்டுக் கவனக்குறைவு. அவர் முழுத் தொகையையும் அவர்களில் யாரிடமிருந்தும் வசூலிக்கலாம். அவர்கள் தங்களுக்குள் பிறகு பிரித்துக்கொள்ளட்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஒட்டி ஓட்டியவர் சொந்தச் சித்தப்பாவாகவோ நண்பனாகவோ இருந்தால் அவர் வண்டிமேல் வழக்குப் போடக் கூச்சப்படுவார்கள். பணம் தருவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனம், சித்தப்பா அல்ல. ஆனால் பாலிசி எந்த வகை என்று பார்க்க வேண்டும். முழுமையான 'பேக்கேஜ்' பாலிசி தனியார் காரில் பயணம் செய்தவரையும் காக்கும். சட்டத்துக்காக மட்டும் எடுத்த மூன்றாம் நபர் பாலிசி காக்காது.

உரிமம் பற்றி ஒரு சொல். உரிமம் இல்லாததே கவனக்குறைவு ஆகிவிடாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விபத்துக்கு அது எப்படிக் காரணமானது என்று காட்ட வேண்டும். கோவைத் தீர்ப்பில் இடைவெளி விடாததோடு உரிமமின்மையும் சேர்த்தே எண்ணப்பட்டது. இரண்டில் எதற்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துக்காட்டியிருந்தால் பின்வரும் வழக்குகளுக்கு உதவியாக இருந்திருக்கும். 50, 30, 20 என்ற எண்களுக்கும் சூத்திரம் எதுவும் கிடையாது. நீதிபதிகளின் மதிப்பீடு மாறினால் எண்ணும் மாறும் என்பதை இந்த வழக்கே மூன்று முறை காட்டிவிட்டது.

தொகை எப்படி உருவாகிறது

மாணவருக்குச் சம்பளம் இல்லை. அதனால் இழப்பு இல்லை என்று ஆகாது. நீதிமன்றம் அவர் படிப்பை வைத்து ஒரு வருமானத்தை ஊகிக்கும். மாதம் 20,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,40,000. நிரந்தர வேலை இல்லாத 40 வயதுக்குட்பட்டவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்டுவது 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வகுத்த முறை, ஆகவே 3,36,000. ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்குவது என்ற பெருக்கு எண் பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரை 18. சம்பாதிக்கும் திறன் முழுவதும் போனதாகக் கொண்டால் 60,48,000 ரூபாய். இதன்மேல் சிகிச்சைச் செலவு, உதவியாளர் செலவு, வலிக்கும் வேதனைக்கும், திருமண வாய்ப்பு இழப்புக்கும் தனித்தனியே.

மருத்துவச் சான்றில் உள்ள ஊனச் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றல்ல. ஒரே கால் இழப்பு கணக்கருக்கு ஒரு மாதிரி, லாரி ஓட்டுநருக்கு முற்றிலும் வேறு. சான்று தந்த மருத்துவரைச் சாட்சியாக அழைத்து இதைச் சொல்ல வைக்காத மனுக்கள் இங்கே நிறையப் பணத்தை இழக்கின்றன.

காலமும் வழிகளும்

2022 ஏப்ரல் 1 முதல் விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின்கீழ் மனு போட வேண்டும் என்ற வரம்பு மீண்டும் வந்திருக்கிறது. அது உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டிருக்கிறது. காலம் கடந்தது என்று காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. இருந்தாலும் அந்த உத்தரவை நம்பித் தாமதிக்காதீர்கள். விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம் எதுவானாலும் அங்குள்ள தீர்ப்பாயத்தில் மனு போடலாம். சேலத்துக்காரர் விழுப்புரத்தில் அடிபட்டதற்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் விழுப்புரம் போகத் தேவையில்லை.

காவல்துறை 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். அதன் நகல் கேட்பது பாதிக்கப்பட்டவரின் உரிமை.

தவறு யார்மீது என்று நிரூபிக்காமலே 164-ஆவது பிரிவின்கீழ் மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் பெறலாம். விரைவாக வருகிற பணம் என்பதால் ஆசையாக இருக்கும். அதைச் சமரச முறையில் ஏற்றுக்கொண்டால் 166-இன்கீழ் போட்ட மனு செயலிழந்துவிடும். கால் போன 20 வயது இளைஞருக்கு 2.5 லட்சத்தையும் 91 லட்சத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மற்றவர் தவறை நிரூபிக்க வழியே இல்லாத நிலை என்றால் மட்டுமே அந்த வழி பொருந்தும். மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் தனித் திட்டம் உண்டு: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

மக்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொண்டால் வருடங்கள் மிச்சம். ஆனால் அதன்மீது மேல்முறையீடு கிடையாது. தீர்ப்பாய உத்தரவின்மீது 90 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். போகும் முன் கோவை வழக்கின் நடுப்படியை நினைத்துக்கொள்ள வேண்டும். 73 லட்சத்தில் தொடங்கியது அங்கே 58 லட்சமாக இறங்கியது. இன்ஷூரன்ஸ் தரப்பு மேல்முறையீடு செய்யும்போது, தொகை போதாது என்று பாதிக்கப்பட்டவரும் தம் பங்குக்கு எதிர்மேல்முறையீடு போட்டுவைப்பது நல்லது. இல்லையென்றால் அங்கே கூட்டிக் கேட்கப் பெரும்பாலும் வழி இருக்காது, குறைப்பதைப் பற்றி மட்டுமே வாதம் நடக்கும்.